மாடு ஏறாத பொட்டல்

பேண்டேஜ் துணி வாங்கப் போன நான் சாணி சுமந்துவிட்டுத் திரும்பி வந்தேன் என்று சொன்னால் பினாங்கில் என் தங்கைகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தொண்ணூறு வாக்கில் அப்பா அங்கே மருத்துவச் சாமான் கடை வைத்திருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடும் துணி இராஜபாளையத்துப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்கும். அந்த வருஷம் இறங்கவில்லை. தந்தி கொடுத்தோம், அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. இன்னொரு தந்தி கொடுத்தோம், அதே பதில் வந்தது. அப்பா பொறுமைசாலி. அந்தக் குணம் எனக்கு வரவில்லை. நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

மதுரையில் ஏறிய பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மேற்கே மலை வந்து சேர்ந்துகொண்டது. பினாங்கிலும் மலை உண்டு. ரயில்பெட்டி மாதிரி ஒன்றில் உட்கார்ந்து உச்சிக்குப் போய், ஐஸ் தின்றுவிட்டு இறங்கிவிடலாம். இது அப்படி விளையாட்டுக் காட்டுகிற மலை இல்லை. பஸ்ஸோடு கூடவே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றபோது கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மேனேஜர் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று பால்கோவா வாங்கினேன். பாதியைத் தின்று முடித்த பிறகுதான் அது யாருக்கென்று வாங்கியது என்பது நினைவுக்கு வந்தது. இறங்கி மறுபடி வாங்கினேன்.

அதற்குள் பஸ் நகரப் பார்த்தது. ஓடிவந்து ஏறி, இந்தப் பேருந்து இராஜபாளையம் போகிறதுதானே என்று கண்டக்டரிடம் மூச்சு வாங்கக் கேட்டேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். என்னவாம் என்று பக்கத்தில் இருந்த பெரியவரைக் கேட்டேன். கட்சிக் கூட்டத்தில் பேச வந்த பெண்பிள்ளையா, பேருந்து கீருந்து என்கிறாளே என்று ஒருத்தி கேட்டாளாம். இல்லை, கூட்டத்துக்கு வருகிறவள் இப்படி உதட்டோரம் பால்கோவாவோடு வரமாட்டாள் என்று இன்னொருத்தி சொன்னாளாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த தமிழ் அது. அன்றிலிருந்து அந்த ஊரில் நான் பஸ் என்றுதான் சொன்னேன்.

அன்று இரவு லாட்ஜுக்கு எதிரே புரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு அது அக்காள் முறை வேண்டும். சால்னாவை ஊற்றிவிட்டுப் போதுமா என்று கேட்கமாட்டார்கள், நாம்தான் கையை வைத்து மறிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் தறிப்பட்டறை மேனேஜர் தங்கச்சாமியைப் பிடித்தேன். என் வயதுக்காரர். மீசை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒல்லி. நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்த நாலு கேள்விகளையும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். துணியெல்லாம் நெய்தாகிவிட்டது, வெளுக்கத்தான் தண்ணீர் இல்லை என்றார். வெளுக்கும் பட்டறை தேவதானத்துப் பக்கம் ஒரு பெரிய கிணற்றை நம்பி இருக்கிறது. கிணறு கண்மாயை நம்பி இருக்கிறது. கண்மாயில் தண்ணீர் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். தங்கச்சாமி மீசையைத் தடவினார்.

"எங்க அக்கா மாடு குடிச்சிருச்சின்னு ஊருக்குள்ள சொல்லுதாங்க மேடம்" என்றார்.

கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். வாங்க, காட்டுகிறேன் என்று மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சேத்தூர் தாண்டியதும் செயின் கழன்றது. மாட்டினார். மறுபடி கழன்றது. கடைசி இரண்டு மைலை மொபெட்டை உருட்டிக்கொண்டேதான் நடந்தோம். பினாங்கில் இதற்குள் நான் யாரோடாவது சண்டை போட்டிருப்பேன். ஆனால் தென்னந்தோப்பு நிழலில் அந்த மனிதர் தன் அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்ததில் கோபம் வர நேரமில்லை.

அக்கா பெயர் வெள்ளைத்தாய். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையில்லை. இருப்பது மலைமாட்டு மந்தை ஒன்று, அந்த ஊரிலேயே பெரியது. அந்த மாடுகள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் பாஸ் எடுத்து மேய்ந்தவை. மலையணிலைக் காப்பாற்ற வேண்டும் என்று காட்டைச் சரணாலயம் ஆக்கிய பிறகு உள்ளே விடுவதில்லை. ஊரில் இருக்கும் அத்தனை மாடும் ஆடும் மலைக்கும் கண்மாய்க்கும் நடுவே இருக்கிற புறம்போக்குப் பொட்டலில் வந்து நின்றன. புல்லைத் தின்றன, புல்லின் வேரைத் தின்றன, அப்புறம் மண்ணை மிதித்தன. மழை பெய்தபோது அந்த மண் வழுக்கிக்கொண்டு போய்க் கண்மாயில் படுத்துவிட்டது.

நேரில் பார்த்தபோது விளக்கமே வேண்டியிருக்கவில்லை. பொட்டல் சிவந்து கிடந்தது, குளம்புத் தடம் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி. கீழே கண்மாய் நிறைய வண்டல், வண்டல் நிறையச் சீமைக்கருவேல். கிணற்றடிப் பட்டறையில் எங்கள் கடைக்குரிய துணி பழுப்பு நிறத்தில் மலைபோல் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் கேட்க வைத்திருந்த கேள்விகள் மறந்துபோயின.

சாயங்காலம் மந்தை திரும்பியது. புழுதிக்குள்ளிருந்து முதலில் சாம்பல் பூத்த ஒரு மயிலைப் பசு வெளியே வந்தது, அதன் பின்னால் கம்பை ஊன்றிக்கொண்டு வெள்ளைத்தாய் அக்கா. ஐம்பது தாண்டிய நெட்டையான உருவம். ஒரு மாட்டுக்கும் மூக்கணாங்கயிறு இல்லை. பயந்து ஒதுங்கினேன். கயிறு குத்தின மாடு மலை ஏறாது, எம் மாட்டு மூக்கில் எவனும் கை வைத்ததில்லை என்று அக்கா சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நகைக்கடை முதலாளிகளிடம்தான் பார்த்திருக்கிறேன்.

பால்கோவாவைக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, ஜெர்சிப் பால் என்று தள்ளி வைத்தாள். எதைக் கொடுத்தாலும் அக்கா அப்படித்தான் சொல்லும், நான் காப்பி போட்டுக் கொடுத்தாலும் ஜெர்சிதான் என்று தங்கச்சாமி என் காதில் சொன்னார். அன்று ஒரு மாடு ஈன்றிருந்தது. சீம்பாலில் கருப்பட்டி தட்டிப்போட்டு அவித்து, வெட்டி, தட்டில் வைத்தாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ தின்றிருக்கிறேன். அதை இன்னொரு முறை தின்னக் கிடைக்கவில்லை என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

ஊர் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். மூன்று மழைக்குப் பொட்டலில் ஆடு மாடு ஏறக்கூடாது. குழி வெட்டி வேம்பும் புங்கையும் வாகையும் வைப்பது, குறுக்கே கல் வரப்புப் போடுவது, புல் தானாக வரட்டும் என்று விடுவது. புல் வந்த பிறகு முறை வைத்து மேய்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் மந்தை வைத்திருப்பவர்கள் விற்றுவிட வேண்டியதுதான், வேறு மேய்ச்சல் கிடையாது. கூட்டத்தில் முதலில் சரி என்று சொன்னது அக்காதான் என்று தங்கச்சாமி சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மந்தை போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

அவளிடமே கேட்டேன். அடுப்பில் சுள்ளியைத் தள்ளியபடியே சொன்னாள். "காட்டுல நம்ம மாடு எங்க நிக்குன்னு கண்ணால பாக்க முடியாது தாயி. புல்லப் பிடுங்குத சத்தத்த வச்சுத்தான் தெரியும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும். பொட்டலுக்கு வந்த பொறவு வெறுங்குளம்புச் சத்தம்தான் கேக்கு. அது மேய்ச்சல் இல்ல, சும்மா நடக்குது."

அணில் மேல் கோபம் இல்லையா என்றேன். அதுவும் பிழைக்க வேண்டுமல்லவா என்று முடித்துவிட்டாள்.

மழை பெய்தால்தான் துணி வெளுக்கும் என்று ஆகிவிட்டது. நான் லாட்ஜில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்ப்பதற்குப் பதில் மறுநாளும் அதற்கு மறுநாளும் பஸ் ஏறி அங்கேயே போனேன். பொட்டலில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் தொழுவத்துச் சாணியை முழுக்கக் குழிகளுக்குக் கொடுத்துவிட்டாள். அது சாதாரணக் கொடை இல்லை. அந்தப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் இரவு மந்தையைக் கிடை போடுவார்கள். சாணியும் கோமியமும் வயலுக்கு, நெல் மாட்டுக்காரருக்கு. வெள்ளைத்தாய் கிடை என் வயலில் கிடக்கட்டும் என்று சம்சாரிகள் முறை சொல்லிக் காத்திருப்பார்கள். கோடை முழுவதும் சேர்ந்த அந்தச் சாணியை அக்கா சும்மா கொடுத்தாள். பொட்டலை அழித்தது உன் மாடு என்று சொன்ன வாய்க்கு இதுதான் பதில் என்று அவள் நினைத்தாள். ஊரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லவும் தோன்றவில்லை.

நானும் கூடை தூக்கினேன். முதல் கூடையைத் தலையில் வைத்ததும் கழுத்து உள்ளே போய்விட்டது. பெண்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. சும்மாட்டைச் சுற்றி வைக்கச் சொல்லித்தந்து, அரைக்கூடை போதும் மலேசியாக்காரிக்கு என்றார்கள். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து கம்பங்கூழும் மோர்மிளகாயும் குடித்துக் கடித்தோம். அந்த வெயிலை நினைத்தால் இப்போதும் தாகம் எடுக்கிறது, அந்தக் கூழுக்காக.

ஊருக்குப் புறப்பட்டபோது தங்கச்சாமி மாதிரித் துணிகளைச் சுருட்டிப் பையில் வைத்துக் கொடுத்தார். ஐப்பசியில் மழை பெய்தது. மார்கழியில் துணி வெள்ளை வெளேரென்று பினாங்கில் வந்து இறங்கியது. கடையில் அதைப் பிரித்தபோது, எனக்கு மட்டும் அதில் சாணி மணம் அடித்தது என்று சொன்னால் அப்பா முறைத்தார்.

சில வருஷம் கழித்து மறுபடி போனேன். துணியின் அகலத்தைப் பற்றி ஏதோ ஒரு தகராறு, அப்பாவுக்கு அனுப்ப ஆள் நான்தான். எனக்கென்னவோ தகராறு கிடைத்ததில் சந்தோஷம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி, இந்த முறை பிரிக்காமல் வைத்துக்கொண்டேன். சேத்தூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பொட்டல் பச்சையாக இருந்தது. அடிவாரம் முழுக்கப் பச்சை. என்னை அறியாமல் பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து, பாருங்கள், பாருங்கள் என்றேன். அவள் பார்த்துவிட்டு, கருவேலு என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்த தங்கச்சாமி என் கண்ணைப் பார்க்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கிட்டே போனதும் எனக்கும் புரிந்தது. பொட்டலில் சீமைக்கருவேல் இடுப்பளவுக்கு நின்றது. தானாக முளைத்தது மாதிரி அங்கங்கே நிற்கவில்லை, வரிசையாக நின்றது. நாங்கள் வெட்டிய ஒவ்வொரு குழியிலும் கொத்தாக நின்றது. நடுவில் எங்கோ ஒரு வேப்பங்கன்று, ஒரு வாகை, நெரிசலில் நிற்க இடம் கேட்பது போல.

விஷயம் இதுதான். காட்டுக்குள் போக முடியாத, பொட்டலிலும் புல் கிடைக்காத மாடுகள் அந்தக் கோடை முழுவதும் கண்மாய்க்குள் உதிர்ந்து கிடந்த கருவேல நெற்றைத்தான் தின்றன. வேறு ஒன்றும் இல்லை, அது இனிப்பாகவும் இருக்கும். மாட்டு வயிற்றில் சதை கரையும், விதை கரையாது. ஊறிப்போய் முளைக்கத் தயாராக வெளியே வரும். கிடை போட்ட வயலில் இது தெரிந்ததே இல்லை, ஏனென்றால் முளைத்ததை உழவு கொன்றுவிடும். பொட்டலை யார் உழுவார்? அக்கா மனசார அள்ளிக் கொடுத்த சாணியில் முள்ளைத்தான் கொடுத்திருந்தாள். அரைக்கூடையாகவாவது நானும் சுமந்திருக்கிறேன்.

அக்கா பொட்டலில்தான் இருந்தாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈரம் இருக்கும்போது கடப்பாரையால் நெம்பி ஆணிவேரோடு பிடுங்க வேண்டும், அறுத்தால் ஒன்று நாலாகத் தழைத்துவிடும். என்னைப் பார்த்து, வா தாயி என்றாள், அவ்வளவுதான். முகத்தில் பழைய பெருமை இல்லை. நான் பால்கோவாவைக் கொடுக்கவே இல்லை. பையோடு வரப்பில் வைத்துவிட்டுக் கூடப் பிடுங்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் கண்மாய்க்கரை அரசமரத்தடியில் ஊர் கூடியது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள். கண்மாய்ப் பாசனத்து வயல்காரர் ஒருவர், அவளை மதினி முறை வைத்துக் கூப்பிடுகிறவர், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பிடுங்கலாம், எல்லாரும் சேர்ந்து பிடுங்கிவிடலாம். ஆனால் மந்தை கண்மாய்க்குள் நெற்றைத் தின்றுவிட்டுப் பொட்டலோரம் நடக்கும் வரைக்கும் விதை வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"வித்துப்புடுதேன்" என்றாள். "ஆனா ஒரு பேச்சு. கேரளா லாரிக்கு ஏத்தமாட்டேன். மேய்க்குத ஆளாப் பாத்துத்தான் குடுப்பேன். இந்தப் பொட்டல்ல புல்லு வந்து தொறக்குத அன்னைக்கு மொதல்ல ஏறுதது எம் மாடாத்தான் இருக்கணும். ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சரி."

ஊர் சரி என்றது. தங்கச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் துணியின் அகலத்தை மறந்து அந்த வாரம் முழுக்கக் கருவேல் பிடுங்கினேன். சின்னச் செடிதானே என்று நினைத்தால் முள் விரல் நுனியில் ஏறி நின்று நம்மைப் பார்க்கும். பிடுங்குகிற எல்லாருக்கும் கையில் ரத்தம். அகலத் தகராறுக்காகப் பினாங்கிலிருந்து கொண்டுவந்த மாதிரித் துணிகள் பையில் இருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுருளைப் பிரித்து ஒவ்வொரு கையாகக் கட்டினேன். கீழே கிணற்றடியில் வெளுத்த துணி, மேலே பொட்டலில் வந்து சுற்றிக்கொண்டது. சாயங்காலம் கரை வழியாகத் திரும்பும்போது எல்லார் கையும் வெள்ளையாக ஆடிக்கொண்டு போனது. பெரிய ஆஸ்பத்திரியே நடந்து போகுது என்று ஒருத்தி சொல்ல, அக்கா அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். எங்கள் கடைத் துணி இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதில்லை என்று நான் அப்பாவுக்குத் தந்தி கொடுக்க நினைத்தேன். சொல்லுக்குக் காசு என்பதால் கொடுக்கவில்லை.

நான் கிளம்புகிற அன்று மந்தை போனது. கம்பம் பக்கத்திலிருந்து வந்த மாட்டுக்காரர், மலை மேய்ச்சல் தெரிந்தவர்தான், ஓட்டிக்கொண்டு போனார். மயிலைப் பசு முன்னால் போயிற்று. அது வழக்கம்போலப் பொட்டலோரத்தில் நின்று, ஏறலாமா என்று திரும்பிப் பார்த்தது. அக்கா கம்பை ஆட்டி, போ என்றாள். போய்விட்டது. ஒரு கன்றை மட்டும் வைத்துக்கொண்டாள், அந்த மயிலையின் செவலைக் கன்று. வீட்டு முன்னால் முளைக்குச்சியில் கட்டிப் போட்டிருந்தாள். மூக்கணாங்கயிறு இல்லாமல் கட்டிப் போட்டு வளர்க்க முடியாது. கொஞ்ச நாளில் குத்திவிட வேண்டும் என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பினாங்கு வந்து சேரும் வரைக்கும் எனக்கு அந்த மயிலை திரும்பிப் பார்த்ததே கண்ணில் நின்றது.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. அப்பா போனார். கடையைக் கொடுத்துவிட்டோம். துணிக்காக யாரும் என்னை எங்கேயும் அனுப்பவில்லை. தந்தி போய் ஐ.எஸ்.டி. வந்திருந்தது. ஒரு நாள் தங்கச்சாமி போன் பண்ணினார். மீசை நரைத்துவிட்டது என்று முதலில் சொன்னார். பிறகு, கார்த்திகை கடைசியில் பொட்டலைத் திறக்கிறார்கள், அக்கா உங்களை வரச் சொல்லுது என்றார். மூன்று மழை என்று பேசியது இத்தனை மழையாக நீண்டிருந்தது.

ஒரு வேலையும் இல்லாமல் நான் போன ஒரே பயணம் அது. மதுரை பஸ்ஸில் இப்போது வீடியோ வைத்திருந்தார்கள். எல்லாரும் அதைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினேன். கடைக்காரர், மலேசியாவா, பேச்சு அப்படி இருக்கு என்றார். பஸ் என்று ஒழுங்காகச் சொல்லியும் கண்டுபிடித்துவிட்டார்.

தேவதானத்துக் கண்மாயில் தண்ணீர் நின்றது. கரை வரைக்கும் இல்லை, ஆனால் நாரை நிற்கும் அளவுக்கு இருந்தது. கிணற்றடிப் பட்டறையில் வெளுத்த துணிகள் கயிற்றில் நீளநீளமாகக் காய்ந்தன. அதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன், எங்கள் கடைக்குப் போகாத துணி. பொட்டலில் முழங்கால் உயரப் புல். மழை முடிந்த புல் என்பதால் நுனியில் கதிர் விட்டிருந்தது. வாகைகள் ஆளுயரத்துக்கு மேல். ஒவ்வொரு மழைக்கும் ஊர் ஏறிப் பிடுங்கியிருக்கிறது. இன்னமும் முளைக்கிறது என்றார் தங்கச்சாமி, இன்னமும் பிடுங்குகிறோம். ஆடுமாடு வைத்திருந்த பலர் இப்போது மில்லுக்குப் போகிறார்கள். முறை வைத்து மேய்ப்பதற்கு மிஞ்சியிருந்தது ஏழெட்டு வீட்டு மாடுகள்தான். அவர்கள் எல்லாரும் கீழே கல் வரப்புக்கு இந்தப் பக்கம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பழைய பேச்சை யாரும் மறக்கவில்லை.

அக்கா வந்தாள். கூன் விழுந்திருந்தது. ஒரு கையில் செவலைப் பசுவின் கயிறு, இன்னொரு கையில் பழக்க தோஷத்தில் எடுத்துவந்த புல்லரிவாள். என்னைப் பார்த்து, வந்துட்டியா ஏட்டி என்றாள். முன்பெல்லாம் விருந்தாளியைக் கூப்பிடுவது போலத் தாயி என்றுதான் கூப்பிடுவாள். இந்த ஏட்டி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

வரப்பைத் தாண்டி முதலில் அவளும் பசுவும் ஏறினார்கள். அவள் என்னையும் கூப்பிட்டதால் நானும் ஏறினேன். பொட்டல் நடுவில், ஒரு வாகை நிழலில் நின்று, அரிவாளால் மூக்கணாங்கயிற்றை அறுத்து எடுத்தாள். மாட்டை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

பசு நகரவில்லை. வயிற்றைப் புல் தொட்டுக்கொண்டிருந்தது. அது புல்லைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டியிலிருந்து முளைக்குச்சியில் கட்டிக்கிடந்து, அவள் அறுத்துப் போட்டதைத் தின்ற மாடு. நிற்கிற புல்லைத் தின்னலாம் என்று அதற்கு யாரும் காட்டியதில்லை.

கீழே நின்றவர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கச்சாமி வரப்பைத் தாண்டி வரப் பார்த்தார், அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். இத்தனை மழை காத்திருந்து, இத்தனை முள் பிடுங்கி, கடைசியில் இதுதானா என்று எனக்கு இருந்தது. ஒரு பிடி அறுத்துப் போட்டால் தின்றுவிடும், அவளுக்கும் அது தெரியும். அரிவாள் கொஞ்சம் தாழ்ந்ததை நான் பார்த்தேன்.

பிறகு அவள் அரிவாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள். மற்றக் கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங் கையப் பாக்காத. குனிஞ்சு பாரு" என்று மாட்டிடம் சொன்னாள்.

வெயில் ஏறியது. மாடு ஒரு தடவை கத்தியது. அக்கா அசையவில்லை. அது அவளைச் சுற்றிப் பின்பக்கம் வந்து கையைத் தேடியது. அவள் திரும்பி நின்றாள். மறுபடி வந்தது, மறுபடி திரும்பினாள். அப்படியே எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. கீழே ஒருவர் பீடி பற்றவைத்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டேன், அவள் தோற்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சரக்கென்று ஒன்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி சரக், சரக்கென்று விடாமல்.

"கேட்டியா ஏட்டி?" என்றாள் அக்கா.

"கேட்டுச்சுக்கா" என்றேன்.

அவள் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டு, நான் கொண்டுபோன பால்கோவாவைக் கேட்டு வாங்கி, மோந்து பார்க்காமல் தின்றாள்.